கொடிவழிப் பெருமை யாருக்கு உரியது?

பிறப்பினால் ஒருவனுக்கு வந்தெய்தும் பெருமை உண்மையில் அவனுடையதுதானா, அன்றி மண்ணுக்குள் உறங்கும் அவன் முன்னோருடையதா? பாட்டன் ஈட்டிய பொருளைப் பேரன் துய்ப்பது போலப் பாட்டன் ஈட்டிய புகழையும் பேரன் துய்க்கலாமா? பொருளாயின் செலவழிந்தால் தீர்ந்துபோம். புகழோ, செலவழிப்பவனுடைய தகுதியைக் கேளாமலே தலைமுறை தலைமுறையாக வட்டி தந்துகொண்டிருக்கும். இவ்வினா அரசர்க்கும் சீமான்களுக்கும் மட்டுமே உரியதென்று எண்ணிவிட வேண்டா. ஜொகூர் நாட்டின் தென்கோடியிலுள்ள கெலாங் பாத்தாவில், தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழ்க் குடும்பத்தார்க்கும் இவ்வினா உண்டு. அவர்க்கே இது மிகவும் உரியது என்பதை இக்கட்டுரை காட்டும்.

குலப்பெருமையை ஓர் அலுவலகமாக அமைத்து, பதிவேடு வைத்துக் காத்தவர் ஆங்கிலேயர். போர்க்களத்தில் இரும்புக் கவசம் பூண்டவன் இன்னான் என்று காட்டக் கேடயத்தில் எழுதப்பட்ட குறி, நாளடைவில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் உடைமையாயிற்று. உடைமையென்றால் வழக்கும் வரும் அன்றோ? 1385-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது, நீலத் தளத்தின் குறுக்கே பொற்பட்டை ஒன்று தாங்கிய கேடயத்தை ஸ்க்ரூப், குரோவ்னர் என்னும் இரு குடும்பத்தாரும் தம்முடையது என்றனர். வழக்கு 1390 வரை நடந்தது. கவிஞர் சாசரும் 1386-இல் அதிற் சாட்சி கூறினார். இத்தனையும் ஒரு பட்டைக்காக! 1484-இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் கட்டியங்காரர்க்கென ஒரு மன்றம் நிறுவினார். 1530 முதல் 1688 வரை அம்மன்றத்தார் மாவட்டந்தோறும் சென்று ஊர்ப்புறச் சீமான்களின் கொடிவழியை ஆராய்ந்தனர். உரிமையின்றிச் சின்னம் பூண்டவருடைய சின்னத்தைச் சிதைக்கவும், அவர் சீமான் அல்லர் என்று ஊரறிய அறிவிக்கவும் அவர்க்கு அதிகாரம் இருந்தது. பிற்காலத்தில் அரசாங்கம் இச்செருக்கிற்கு விலையும் வைத்தது. 1798 முதல் 1944 வரை சின்னம் பூண்டோர் அதற்கு வரி செலுத்தினர்.

ஆங்கிலத்தின் தலைசிறந்த கவிஞரும் இவ்வாசைக்குத் தப்பவில்லை. ஷேக்ஸ்பியரின் தந்தையார் கையுறை தைத்து விற்றவர். அவர் பெயரால் ஈட்டி பொறித்த கேடயச் சின்னம் 1596 அக்டோபரில் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் கவிஞரின் ஒரே மகன் பதினொரு வயதில் இறந்திருந்தான். தலைமுறை தலைமுறையாகச் செல்லவேண்டிய சின்னம், அதனைச் சுமக்க ஆண்மகவு அற்றுப்போன வீட்டிற்கு வந்து சேர்ந்தது. 1602-இல் கட்டியங்காரருள் ஒருவர், வெறும் நாடகக்காரனுக்கெல்லாம் சின்னம் வழங்குவதா என்று குற்றமும் சாட்டினார். 1670-இல் பேத்தி இறக்கவே கவிஞரின் நேர்வழி அற்றது. இன்று அக்கேடயத்தை எண்ணுவார் யார்? நாடகங்கள் அல்லவோ நிற்கின்றன! அவற்றிற்கு எந்தக் கட்டியங்காரரும் சான்றிதழ் தந்ததில்லை.

இதனைப் படித்து ஆங்கிலேயரைக் கண்டு நகைக்குமுன் நம் வீட்டையும் சற்று நோக்குவோம். சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என்று பூவையும் நாம் குலத்துக்குப் பங்கிட்டோம். வில், புலி, கயல் ஆகிய மூன்றையும் ஒரே முத்திரையிற் பொறித்துச் சோழர் செப்பேடுகளைக் கோத்தனர். அது வேந்தர் காலம் என்று விடலாம். வேந்தர் போன பின்னும் ஆசை போகவில்லையே! சிவகங்கைச் சமீன்தார் 1829-இல் இறந்தபின் வாரிசுரிமை பற்றி எழுந்த வழக்கு இலண்டன் வரை சென்று, 1863-இல்தான் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1877-இல் தில்லியில் லிட்டன் பிரபு கூட்டிய பேரவையில் இந்திய அரசர் பலர்க்கு ஐரோப்பிய முறையிற் சின்னம் தீட்டிய கொடிகள் வழங்கப்பட்டன. அவற்றை வரைந்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அடிமைப்படுத்தியவன் வரைந்து தந்த குலப்பெருமையை நம் மன்னர் தலைவணங்கி ஏற்றனர்! 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சாதிகளைச் சமுதாய மதிப்பின்படி வரிசைப்படுத்த முற்பட்டபோது, எங்களை மேலே வையுங்கள் என்று விண்ணப்பங்கள் குவிந்தன. ஒவ்வொரு சாதியாரும் தமக்கொரு சரித்திரம் எழுதுவித்தனர். கட்டியங்காரர் மன்றம் இல்லாக் குறையை அக்கணக்கெடுப்பு அலுவலகம் தீர்த்துவைத்தது.

ஆங்கிலச் சீமானின் சின்னத்திற்கும் நம் சாதிப்பட்டத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதனையும் மறைத்தல் கூடாது. கையுறை தைப்பவன் மகன் பணமும் முயற்சியும் கொண்டு அங்கே சின்னம் பெற முடிந்தது. இங்கோ, கீழென்று தள்ளப்பட்டவன் எவ்வளவு முயன்றாலும் மேலென்று ஏற்கப்படுவதில்லை. அங்கே அது செருக்கு. இங்கே அது சிறை. ஆதலினன்றோ 1929 பெப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே வரும் சாதிப்பட்டங்களை நீக்கிவிடுமாறு தீர்மானம் செய்தது! பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் போன்றோர் தம் பட்டத்தைத் தாமே துறந்து வழிகாட்டினர். சின்னத்திற்காக வழக்காடியவரை உலகம் பல கண்டிருக்கிறது. தன்மேலுள்ள சின்னத்தைத் தானே அழித்தவரைக் கண்டது அரிது.

நிற்க. குலப்பெருமைக்குச் சார்பாகவும் ஒரு நியாயம் கூறுவர். “நல்ல குடியிற் பிறந்தோம் என்னும் நினைவு ஒருவனைத் தீயவழியிற் செல்லாது தடுக்குமே, அது நன்றல்லவா?” என்பர். திருவள்ளுவரும் குடிமை என ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறாரே என்றும் காட்டுவர். வகுத்தார், உண்மை. ஆனால் அவ்வதிகாரம் பேசுவது ஒழுக்கம், வாய்மை, ஈகை முதலிய குணங்களையே. அதனோடு நில்லாமல் குடிசெயல்வகை என்று வேறோர் அதிகாரமும் வகுத்து, தன் குடியை உயர்த்த உழைப்பவனைப் போற்றினார். குடி ஒருவனை உயர்த்துவதன்று, ஒருவன் குடியை உயர்த்துவதே பெருமை என்பது இதனாற் பெறப்படும். மேலும், குடிப்பிறப்பின் நினைவு தீமையைத் தடுப்பது மெய்யாயின், பிறரைத் தாழ்த்தும் தீமையையன்றோ அது முதலில் தடுத்திருத்தல் வேண்டும்? அதனைத் தடுத்ததாக நம் ஊர்களின் சரித்திரம் கூறவில்லை.

இனி ஜொகூருக்கு வருவோம். ஜொகூர் அரசின் சின்னத்தில் கேடயத்தை இரண்டு புலிகள் தாங்கி நிற்கின்றன. அப்புலிகளைக் கண்டதும் நம்மவர்க்குச் சோழர் புலி நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் நாம் பார்க்கவேண்டியது புலியையன்று, அங்கேயுள்ள இலைகளை. அவை மிளகும் காம்பீரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் செல்வத்துக்கு அடிப்படையாயிருந்த பயிர்கள் இவை. ஆற்றங்கரைக் காடுகளை அழித்து இவற்றைப் பயிரிட்டவர் கங்சு எனப்பட்ட தலைவர்களின்கீழ் வந்த சீனத் தொழிலாளர். அரசகுலத்தோடு எவ்வுறவும் இல்லாத ஏழைகளின் உழைப்பு அரசச் சின்னத்தில் இலையாக நிற்கிறது. உலகத்துச் சின்னங்களுள் இத்துணை நேர்மையானவை எத்துணை இருக்கும்? கங்சு முறை 1917-இல் ஒழிந்தது. இலைகள் இன்றும் உள்ளன.

நம்மவர்க்கோ இலையினும் புலி இனிக்கிறது. மலாய் மன்னர் மரபு கூறும் செஜாரா மெலாயு, அம்மரபை இஸ்கந்தர் சுல்கர்னைன் வரை ஏற்றி, இடையிலே சூலன் என்னும் இந்திய வேந்தனையும் வைக்கிறது. சூலன் என்பது சோழன் என்பதன் திரிபென அறிஞர் பலர் கருதுவர். இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மேற் படை செலுத்தியதும் உண்மையே. இவற்றை அறிதல் நன்று. ஆனால் மேடைதோறும், “நாம் கடாரம் கொண்டவன் பேரர்” என்று முழங்கும் நாம், “மூட்டையோடு மேல்தட்டிற் படுத்து வந்தவன் பேரர்” என்று சொல்லக் கூசுகிறோமே, அது ஏன்? சோழர் துறைமுகமாகிய அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் ரஜூலாக் கப்பலும் நம் மக்களை ஏற்றி வந்தது. கங்காணியின் சொல்லை நம்பி, கடன் சுமந்து, பெயர்ப்பட்டியலில் ஓர் எண்ணாக வந்து இறங்கியவர் அவர். 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரை அவ்வரவு நடந்தது. சோழனுக்கும் நமக்கும் இடையே உள்ள தலைமுறைகளை எண்ணிக் காட்ட எவராலும் ஆகாது. மூட்டையோடு வந்தவரோ, நம் பாட்டனார். நாம் உண்ணும் சோறு அவர் போட்டது.

அவரை மறந்ததன் விலை என்னவென்று ஒன்று கூறுவேன். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பதினாயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கு ஆளுக்கொரு கல்லறை இல்லை. பலருடைய பெயரும் இல்லை. கொடிவழி எழுதுவது சீமான்களின் வேலை என்று நாம் விட்டுவிட்டதால், நம் இறந்தோரைக் கேட்க நமக்கே ஏடில்லை.

ஆதலின், குலப்பெருமையை ஒழிப்போம் என்னும் சீர்திருத்தக்காரர், அதனோடு முன்னோர் நினைவையும் ஒழித்துவிடல் ஆகாது. இரண்டும் ஒன்றல்ல. குலப்பெருமை, பிறரைவிட நான் உயர்ந்தவன் என்று காட்டவேண்டி இறந்தவரைச் சாட்சிக்கு அழைப்பது. முன்னோர் நினைவு, இன்னாருடைய உழைப்புக்கு நான் கடன்பட்டவன் என்று ஒப்புக்கொள்வது. முன்னது பிறரிடம் கேட்கிறது. பின்னது தன்னிடமே கேட்கிறது. முன்னதற்குப் பொய்க் கொடிவழியும் போதும். பின்னதற்கு மெய்யான பெயர் வேண்டும்.

கெலாங் பாத்தா என்றால் மலாய் மொழியில் உடைந்த வளையல் என்று பொருள். 1998-இல் சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகமும், இஸ்கந்தர் புத்திரி என்னும் புதுநகரும் எழுந்தன. இரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல வீடுகளாயின. தோட்டம் கலையும்போது லயமும், கோயிலும், இடுகாடும், அவற்றைச் சுற்றியிருந்த நினைவும் சிதறிப்போகும். ஒரு கிழவி இறந்தால் ஒரு தோட்டத்துச் சரித்திரமே அவளோடு போம். அடையாளச் சீட்டிலோ, இன்னார் மகன், இன்னார் மகள் என்று தந்தை பெயர் ஒன்றே நிற்கிறது. ஒரே தலைமுறை, அதிலும் பால்வெட்டும் கத்தியோடு விடியுமுன் எழுந்த தாயின் பெயர் இல்லை. ஆங்கிலச் சீமான்களும் பெண்ணுக்குக் கேடயம் தரவில்லை, சாய்சதுரக் கட்டமே தந்தார்கள். நாம் அதுவும் தரவில்லை.

அன்பர்களே, கேடயமும் கிரீடமும் நமக்கு வேண்டா, சாதிப்பட்டமும் வேண்டா. ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் போதும். வீட்டிலுள்ள முதியோரிடம் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், என்ன கூலி, யார் இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று. தாயின் தாயிலிருந்து தொடங்குங்கள். சாதி என்ன என்று மட்டும் கேளாதீர்கள். கேட்காமற்போனால் அடுத்த தலைமுறைக்கு அது தெரியாமற்போகும். மற்றவற்றை இன்றே எழுதிவையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள்.