தீர்த்தமும் பொறுப்பும்

இராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது முறை. இராவணனைக் கொன்ற பாவம் தீர இராமன் இங்கே சிவனை வழிபட்டான் என்பது தல ஐதீகம். போர் நியாயமானது, மாண்டவன் குற்றம் செய்தவன். அப்படியிருந்தும், தன் கையால் போன உயிருக்குத் தானே பொறுப்பு என்று இராமன் ஏற்றுக்கொண்டான். நோக்கம் நல்லதாக இருந்தாலும் விளைவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே இத்தலத்தின் அறம். அந்த அறம் நம் நீராடலுக்கும் பொருந்தும்.

அக்னி தீர்த்தம் இருக்கும் பாக் விரிகுடா அலை அதிகமில்லாத, ஆழம் குறைந்த கடல். வெயில் அடிமண் வரை இறங்குவதால் அங்கே கடற்புல் தழைக்கிறது. அதை மேய்ந்து வாழ்வது கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மூச்சு வாங்க மேலே வந்து போகும் இந்தப் பிராணி ஒரு பேற்றில் ஒரு குட்டிதான் ஈனும், அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. இதற்காகவே 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. பாவம் தொலையட்டும் என்று ஒருவர் நீரில் விட்டுவரும் பழந்துணி மறைந்துபோவதில்லை. ஊறிக் கனத்து அடியில் படிகிறது. அதன்மேல் மணல் சேர்கிறது. எங்கே புல்மேல் படிகிறதோ அங்கே வெளிச்சம் அற்றுப் புல் வெளுத்துச் சாகிறது.

தீர்த்தத்தை எந்த அழுக்கும் தீண்டாது என்று பக்தர்கள் சொல்லலாம். தீர்த்தத்தின் புனிதம் குறையாது என்றே வைத்துக்கொள்வோம். அதில் வாழும் உயிருக்கு நேரும் துன்பம் அதனால் இல்லையென்று ஆகிவிடாது. விசைப்படகின் இழுவலையும் சாக்கடையும் செய்யும் கேட்டுக்கு முன் ஒரு வேட்டி எம்மாத்திரம் என்றும் கேட்கலாம். அளவில் அது உண்மை. அவற்றைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. ஆனால் பரிகாரம் என்பது தன் பங்கைத் தானே ஒப்புக்கொள்வது. பிறர் பங்கு பெரிது என்று காட்டித் தப்புகிறவர் பரிகாரம் தேடி வந்தவராக மாட்டார்.

அப்படியானால் கடலில் இறங்கவே கூடாதா? அதுவும் சரியன்று. இதே விரிகுடாவின் அரியமான் கரையில் குழந்தைகள் முழங்கால் நீரில் துள்ளி விளையாடுவதும், படகில் குடும்பமாகப் போய்வருவதும் கடலை மனத்துக்கு நெருக்கமாக்குகின்றன. தொட்டறியாத ஒன்றின்மேல் அன்பு ஊறாது. அந்த இன்பம் ஓர் உயிரின் வீட்டில் விருந்தாளியாகப் பெறும் இன்பம் என்ற நினைப்பு மட்டும் கூடவே வர வேண்டும். உடுத்திப்போன துணியைப் பிழிந்து கையோடு எடுத்துவருகிறவர் சடங்கில் எதையும் குறைத்துவிடவில்லை. இராமன் எந்தப் பொறுப்புணர்வோடு இந்தக் கரையில் நின்றானோ, அதே உணர்வோடு அவரும் கரையேறுகிறார்.