ஹாலில் ஒரு பொய்த் தூண்

எங்கள் வீட்டு ஹால் மூலையில் ஒரு தூண் நிற்கிறது. வருகிறவர்கள் ஒரு தடவையாவது அதைத் தட்டிப் பார்ப்பார்கள். டொக் டொக் என்று வெற்றாகச் சத்தம் வரும். ''என்ன சார், உள்ளே பணமா?'' என்பார்கள். பணம் இல்லை. மாடி பாத்ரூமின் கழிவுநீர்க் குழாய்!

கதை சின்னது. ஆர்க்கிடெக்ட் போட்ட பிளானில் குழாய் சரியான இடத்தில் இருந்தது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் போட்ட படத்தில் பீம் சரியான இடத்தில் இருந்தது. இரண்டும் ஒரே இடம் என்பது, கான்கிரீட் இறுகிய பிறகு பிளம்பர் வந்து தலையைச் சொறிந்தபோதுதான் தெரிந்தது. பீமைத் தொடக் கூடாது என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். குழாயைத் திருப்பி ஹால் வழியாக இறக்கி, சுற்றிப் பலகை அடித்து, பெயின்ட் பூசினோம். பில் என் பேருக்கு வந்தது.

யார் தப்பு? அவரவர் தாளில் யாருமே தப்புப் பண்ணவில்லை. அதுதான் விஷயமே.

அந்த ஆர்க்கிடெக்ட் நல்ல மனிதர். வீடு முடிந்த பிறகும் நட்பு முறியவில்லை என்பதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம். போன மாதம் அவர் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சாஃப்ட்வேர் விற்கும் இளைஞர் ஒருவர் லேப்டாப்புடன் வந்து உட்கார்ந்தார். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக 'பிம்'.

நண்பர் ஆபீசில் ஆட்டோகேட்தான். 1982 கடைசியில் அமெரிக்காவில் வெளிவந்த சரக்கு. டி-ஸ்கொயரையும் இங்க் பேனாவையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனது அது. டிரேசிங் பேப்பரில் தப்பான கோட்டை பிளேடால் சுரண்டிய தலைமுறைக்கு அதுவே பெரிய வரம். ஆனால் அதில் கோடு என்பது வெறும் கோடு. அது சுவரா, படிக்கட்டா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2000-ல் வந்த ரெவிட்டிலும், அதற்கு முன்பே ஹங்கேரியில் பிறந்த ஆர்க்கிகேடிலும் சுவர் என்றால் சுவர்தான். உயரம், கனம், செங்கல்லா கான்கிரீட்டா, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பிளானில் ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷனிலும் நகரும். குழாய் பீமில் இடித்தால் திரையிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு வவுச்சரைப் போட்டால் லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் எல்லாம் தானாகத் திருந்துவது மாதிரி. பழைய முறை என்பது, நாலு பேர் நாலு நோட்டில் தனித்தனியாகக் கணக்கு எழுதி, வருஷக் கடைசியில் சாமி கும்பிட்டுக்கொண்டு ஒப்பிடுவது.

இளைஞர் நன்றாகத்தான் பேசினார். கடைசியில் மட்டும் ஒரு வரி போட்டார்: ''சார், இன்னும் அஞ்சு வருஷத்துல இது தெரியாத ஆபீஸே இருக்காது.'' எனக்கு அந்த இடம் உறுத்தியது. அதுவரை புரியவைத்துக்கொண்டிருந்தவர், அங்கே பயமுறுத்தத் தொடங்கிவிட்டார். எல்.ஐ.சி. பாலிசியிலிருந்து தண்ணீர் ஃபில்டர் வரை நம்மிடம் இப்படித்தானே விற்கிறார்கள்!

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். ''தம்பி, இதுல உழைப்பு யாரோடது?''

''உங்களோடது சார்.''

''லாபம்?''

பையன் யோசித்தார். நானும் யோசித்தேன். எச்.ஓ.கே. என்ற பெரிய நிறுவனத்தின் பேட்ரிக் மெக்லீமி என்ற ஆர்க்கிடெக்ட் வரைந்த வளைகோடு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். வேலை முன்னேற முன்னேற, ஒரு மாற்றம் செய்யும் செலவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே உழைப்பை ஆரம்பத்திலேயே கொட்டு என்கிறது அது. நியாயம்தான். ஆனால் ஆரம்ப உழைப்பைக் கொட்டுவது ஆர்க்கிடெக்ட். பின்னால் மிச்சமாவது கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும். ஃபீஸோ பழைய விகிதத்தில், பழைய தவணைகளில். கத்துக்கொள்ளும் மாதங்களில் வேலை மெதுவாகும். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. இதைப் போய் 'மாற்றத்துக்குப் பயப்படுகிறார்கள்' என்று சொல்வது அநியாயம். கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் அரசு இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். 2010-ல் முதலில் பணம் கொடுத்தார்கள். பயிற்சிக்கு, சாஃப்ட்வேருக்கு, கம்ப்யூட்டருக்கு என்று தனி நிதி. பிறகுதான் பிரம்பு. 2013-ல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டாயம். 2015-ல் 5,000 சதுர மீட்டருக்கு மேல் எல்லாவற்றுக்கும். பிரிட்டன் 2016 ஏப்ரலில் மத்திய அரசுப் பணிகளுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. யார் பணம் கட்டுகிறாரோ அவர் நிபந்தனை போடுகிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

விற்கிறவர்களின் நேர்மை? ரெவிட்டை விற்கும் ஆட்டோடெஸ்க், 2016-லிருந்து மொத்தமாக வாங்கும் வழியை மூடிவிட்டது. சந்தா மட்டும்தான். ஊருக்கெல்லாம் சொந்த வீடு கட்டித் தருகிறவர், தன் பேனாவுக்கு வாடகை கட்ட வேண்டும்! 2020-ல் ஜஹா ஹதீத் நிறுவனம் உள்படப் பல பெரிய பிரிட்டிஷ் ஆபீஸ்கள், செலவு ஏறுகிறது, சாஃப்ட்வேர் வளரவில்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதின. எதிர்த்தவர்கள் அல்ல, அதை நம்பி உள்ளே போனவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், மூணு பேர் ஆபீஸ் எந்த மூலைக்கு?

இத்தனையும் நண்பர் பக்கம். ஆனால் நான் வீட்டுக்குப் போனால் அந்தத் தூண் நிற்கிறதே!

''கையால வரைஞ்சாத்தான் மனசு ஓடும்'' என்பார் அவர். உண்மையாக இருக்கலாம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியும் கையால் கிறுக்கியவர்தான். கம்ப்யூட்டரைத் தானாக இயக்கியவரில்லை. ஆனால் 1997-ல் திறந்த பில்பாவோ மியூசியத்துக்கு அவர் ஆபீஸ், போர் விமானம் வடிவமைக்கும் கேடியா என்ற சாஃப்ட்வேரைப் பிடித்து வந்தது. கிறுக்கல் அவருடையது, தகடு சரியாகப் பொருந்த வேண்டிய கவலை கட்டுகிறவர்களுடையது. அந்தக் கவலைக்கும் அவர்தானே பொறுப்பு?

என் சிக்கல் இதுதான். கருவியைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. அதில் நான் யார் மூக்கை நுழைக்க? ஆனால் அந்த உரிமையின் செலவு என் பில்லில் வந்தால்? பிடிக்காத சாப்பாட்டை மறுப்பது போலல்ல இது. பல வருஷம் கடன் கட்டும் ஒருவரின் வீட்டில் விழுகிற செலவு. அவர் சரி என்று நான் நம்புகிற அதே நேரத்தில், அவர் எனக்குக் கடன்பட்டிருக்கிறார் என்றும் தோன்றியது.

பையன் போன பிறகு மெதுவாகத் தூணைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காட்டினார். அவருடைய டிராஃப்ட்ஸ்மேன், 22 வருஷமாகக் கூட இருப்பவர், குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

''உங்க தூணுக்கு நான் பதில் சொல்லிடறேன். அவருக்கு வயசு 53. இனிமே புதுசா கத்துக்கன்னு எப்படிச் சொல்ல? சொல்லாம ஒரு சின்னப் பையனைச் சேர்த்துக்கிட்டா, அது அவருக்கு நோட்டீஸ் குடுத்த மாதிரிதானே?''

என்னிடம் பதில் இல்லை. டீ ஆறிப்போயிருந்தது.

போன வாரம் போன் பண்ணினார். 30 நாள் இலவச வெர்ஷனை இறக்கி, ஒரு சின்ன வீட்டை மட்டும் அதில் போட்டுப் பார்க்கிறார்களாம். காலேஜ் முடித்த ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு சாஃப்ட்வேர் தெரியும், லின்டல் எந்த மட்டத்தில் வரும் என்று தெரியாது. டிராஃப்ட்ஸ்மேனை அவள் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். முதல் ரெண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லையாம். மூணாம் நாள், ''அம்மா, அந்த சன்ஷேடு நீளம் தப்பு'' என்றாராம்.

''அப்புறம்?'' என்றேன்.

''இன்னும் பதினோரு நாள் இருக்கு'' என்றார்.