யார் எழுந்து போவது?

எங்கள் ஊரில் ‘பங்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சனிக்கிழமை மாலை கடற்கரையில் பிரிப்பது பங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் கூடுவதும் பங்கு. வாரம் முழுக்க ஓடிய வள்ளத்தின் வருமானத்தில் எண்ணெய்ச் செலவு, வலைச் செலவு, வள்ளத்துக்காரர் பங்கு எல்லாம் போக மீந்ததைத் தொழிலாளிகள் பிரித்துக்கொள்வார்கள். மறுநாள் ஆண்டவருடைய நாள். ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. கையில் பணமும், விடிந்தால் வேலை இல்லை என்ற நிம்மதியும் சேர்ந்து வரும் இரவு சனி இரவு. இரண்டு பங்குகளுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரவைப் பற்றி எந்தப் பங்கிலும் யாரும் பேசியதில்லை.

முத்துக்குளித்துறையின் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று எங்களுடையது. 1530-களில் திருமுழுக்குப் பெற்ற மக்கள் நாங்கள். 1542-இல் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தார். எங்கள் வாரத்தைப் புனிதர்களை வைத்தே கணக்கிடுவோம். செவ்வாய் அந்தோணியார், புதன் சகாயமாதா நவநாள், முதல் வெள்ளி என்றால் திரு இருதயம், சனி மாலை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு பூசை. வார நாட்களில் கோயிலை நிறைப்பவர்கள் பெண்கள். பெருக்குவது, பீடத்துத் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவது, பூ வைப்பது, செபமாலை சொல்வது எல்லாம் அவர்கள்தான். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். பிரசங்கம் நீண்டால் அதிலும் பாதிப் பேர் வெளியே பூவரச மரத்தடியில் நிற்பார்கள்.

1989-இல் எனக்குப் பத்து வயது. அந்த மே மாதம்தான் புதுநன்மை வாங்கியிருந்தேன். அப்போது எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது, தரையில்தான் உட்காருவோம். மாதா பீடத்தின் பக்கம் பெண்கள், சூசையப்பர் பீடத்தின் பக்கம் ஆண்கள், நடுவில் பாதை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, என் அப்பாவின் தங்கை, முக்காட்டை வழக்கத்தைவிடக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்து எங்கள் அருகில் உட்கார்ந்தாள். அத்தையின் இடது புருவம் பிளந்து, மேலே மஞ்சள் அப்பியிருந்தது. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. முந்தின இரவு தெருவுக்கே கேட்டிருந்தது.

மாமா பூசைக்கு முன்பே பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வந்திருந்தார். முழங்காலில் நின்று அபராதச் செபங்களைச் சொல்லி முடித்து, ஆண்கள் பக்கம் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். சமாதானம் பகிரும் நேரம் வந்தது. எங்கள் பூசையில் கைகுலுக்குவதில்லை; கைகுவித்துத் தலை வணங்குவோம். அத்தை என் அம்மாவைப் பார்த்துக் கைகுவித்தாள். பின்னால் இருந்த பெண்களைப் பார்த்துக் கைகுவித்தாள். பாதைக்கு அந்தப் பக்கம் மாமா தன்னைச் சுற்றியிருந்த ஆண்களுக்குக் கைகுவித்தார். அடித்தவரும் அடிபட்டவளும் ஒரே கூரையின் கீழ் சமாதானம் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய தேவை மட்டும் வரவில்லை.

நன்மை வாங்க எல்லோரும் எழுந்தபோது அத்தை எழவில்லை. எங்கள் வரிசை நகர்ந்தது. அவள் மடக்கிய முழங்காலைத் தாண்டிப் போய் நான் நன்மை வாங்கினேன். மாமாவும் வாங்கினார்.

அடுத்த ஞாயிறும் அவள் எழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இப்படியே ஒன்பது மாதம். சிறிய ஊரில் பூசைக்கு வந்து நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி ஊர் ஒன்றுதான் நினைக்கும்: சாவான பாவத்தில் இருக்கிறாள். என்ன பாவம் என்பதை ஊரே இட்டு நிரப்பிக்கொண்டது. மாமா அடித்ததற்கும் அதிலேயே காரணம் கிடைத்துவிட்டது.

உண்மையில் நடந்ததை அத்தை என்னிடம் சொன்னது முப்பது வருடங்களுக்குப் பிறகு. அந்த ஞாயிறு விடியற்காலையில் அவளும் தொட்டியில் போய் முழங்காலிட்டிருக்கிறாள்.

“மன்னிக்க மனசு வரல சாமின்னு சொன்னேன். மன்னிச்சாத்தான் நன்மை வாங்கலாம்னாரு. அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே சாமின்னேன். கேக்காமலே மன்னிக்கிறதுதாம்மா கிறிஸ்தவம்னாரு. மனசுல இல்லாதத இருக்குன்னு பொய் சொல்லிட்டு நன்மை வாங்கவா பிள்ளே? அதான் உக்காந்துட்டேன்.”

ஊர் பிடிவாதம் என்று சொன்னது, ஊரில் அன்று இருந்த மிகப் பெரிய நேர்மை. சாமியார் சொன்னதை அவள் ஒருத்திதான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டாள்.

மன்னிப்பு, கேட்காமலே கொடுக்கப்பட வேண்டியதா? கொடுக்காதவள் குற்றவாளியா? இந்தக் கேள்வி என்னோடு வளர்ந்தது. தமிழ் படிக்கப் போனபோது அது மொழிக்குள்ளும் இருப்பதைப் பார்த்தேன். எங்கள் பாட்டி காலத்துச் செபங்களில் ‘மன்னியும்’ என்ற சொல் அரிது. ‘பொறுத்தருளும்’ என்றுதான் இருக்கும். பொறுத்தல் என்றால் மன்னித்தல். பொறுத்தல் என்றால் பாரம் தாங்குதல். பொறுத்தல் என்றால் காத்திருத்தல். வள்ளுவர் ‘பொறையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் முதல் குறளிலேயே தன்னைத் தோண்டுகிறவரைத் தாங்கும் நிலம் உவமையாக வருகிறது. கடவுளிடம் இந்த வினைச்சொல்லைச் சொல்லும்போது அது மன்னிப்பு. பெண்ணிடம் சொல்லும்போது அது சுமை. “பொறுத்துப் போ” என்று மகளிடம் சொல்லும் தாய், மன்னி என்கிறாளா, தாங்கு என்கிறாளா, காத்திரு என்கிறாளா? மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிற வசதி நம் மொழியில் இருக்கிறது.

அச்சு வரலாறு நடத்தும்போது மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இரண்டே ஆண்டில், 1580-இல், கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்று தமிழில் அச்சானது. இரண்டுமே எங்கள் கடற்கரை மக்களுக்காக அண்ட்ரிக் அடிகளார் உருவாக்கியவை. தமிழ் அச்சேறத் தொடங்கிய காலத்திலேயே எங்களுக்குப் பாவத்தைச் சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். ஆனால் தொட்டியில் பாவம் செய்தவர் இருக்கிறார், கடவுளின் பெயரால் சாமியார் இருக்கிறார். பாவத்தால் புருவம் பிளந்தவளுக்கு அங்கே இடம் இல்லை. மாமாவின் அபராதம் மாதாவிடம் சொல்லப்பட்டது. அத்தையிடம் எதுவும் சொல்லப்படவில்லை.

திருச்சபைக்கு இது தெரியாததல்ல. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1459-ஆம் எண்ணில், பாவமன்னிப்பு பெற்றவர் தன்னால் அயலாருக்கு நேர்ந்த கேட்டை முடிந்தவரை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதோடு, காயத்துக்கு இழப்பீடு தருவதையும் அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் விதிப்படி, துணையின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘அமோரிஸ் லெத்தீத்சியா’ ஊக்கவுரையில், வன்முறை இருக்கும் இடத்தில் பிரிவு சில வேளை அறத்தின்படியே தேவையாகிறது என்று எழுதினார். எல்லாம் ஏட்டில் இருக்கிறது. எங்கள் கோயிலில் ஒரு பிரசங்கத்திலும் இவற்றில் ஒன்றை நான் கேட்டதில்லை. கோழி திருடியவனிடம் கோழியைத் திருப்பிக் கொடு என்று சொல்லத் தெரிந்த நமக்கு, மனைவியை அடித்தவனிடம் என்ன திருப்பிக் கொடுக்கச் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தெரு அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வாரம் ஒரு வீட்டில் நடக்கும். வழக்கம்போலப் பெண்கள்தான் அதிகம். அன்று வாசித்தது மத்தேயு ஐந்தாம் அதிகாரம்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் சமாதானம் ஆக வேண்டும் என்ற பகுதி. மன்னிக்கும் மனம் வேண்டும், குடும்பத்தில் பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேச்சு வழக்கமான தடத்தில் போனது. அப்போது இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், வேதாகமத்தை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இது நமக்குச் சொன்னது இல்லியேக்கா. ‘உன்மேல’ மனத்தாங்கல் இருந்தான்னுல்லா போட்டிருக்கு? அப்ப தப்பு செஞ்சவன்தானே எந்திரிச்சுப் போணும்? நம்மள ஏன் போகச் சொல்லுறீங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. நான் முனைவர் பட்டம் வாங்கியவள். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி எத்தனையோ வினாத்தாள்கள் தயாரித்தவள். அந்த வசனத்தை நாற்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன். போக வேண்டியவர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

கேட்காமலே மன்னித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பேதைகள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்படி மன்னிப்பது பெரிய கொடையாக இருக்கலாம். ஆனால் கொடுக்காமல் இருக்க உரிமை உள்ளவள் கொடுத்தால்தான் அது கொடை. கொடுத்தால்தான் நன்மை என்று வாசலில் நிறுத்தி வாங்கினால் அது வரி. சிலுவையில் தொங்கியவரே உதாரணம் என்பார்கள். லூக்கா நற்செய்தியைப் பாருங்கள்: அவர் ‘நான் மன்னித்தேன்’ என்று சொல்லவில்லை, மன்னிக்கும்படி தந்தையிடம் கேட்டுக்கொண்டார். அதே நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில், ஒருவன் ஒரே நாளில் ஏழு முறை தவறு செய்தாலும் மன்னிக்கச் சொல்கிறார். ஆனால் அந்த ஏழு முறையும் அவன் திரும்பி வந்து மனம் வருந்துகிறேன் என்று சொல்கிறான். மாமா ஒரு முறையும் வரவில்லை.

அன்று இரவு அத்தை வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தொட்டுவிட்டாள். மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வருடமும் அவருக்காக நினைவுப் பூசைக்குப் பணம் கட்டுகிறாள். ஒன்பது மாதம் கழித்து ஏன் நன்மை வாங்கப் போனாய் என்று கேட்டேன்.

“அந்த மே மாசம் மூத்தவளுக்குப் புதுநன்மை. தாய் நன்மை வாங்காம பிள்ளை கையப் பிடிச்சிட்டு நிக்க முடியுமா? மன்னிச்சிட்டேன் சாமின்னு போய்ச் சொன்னேன்.”

“மன்னிச்சிட்டியா அத்தை?”

“பொறுத்துக்கிட்டேன்.”

இரண்டும் ஒன்றல்ல என்று எட்டாம் வகுப்பு வரை படித்த என் அத்தைக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அந்த வசனம் மாமாவுக்கு மட்டும் சொன்னதல்ல. அத்தையின் மனத்தாங்கல் அடித்தவர் மேல் மட்டுமா இருந்திருக்கும்? கேட்டும் கேட்காததுபோல் இருந்த தெரு, காரணம் கண்டுபிடித்துக் கொடுத்த ஊர், ஒன்பது மாதம் அவள் முன்னால் வரிசையாக நடந்துபோய் நன்மை வாங்கிய நாங்கள். காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போயிருக்க வேண்டியது ஒரு பங்கு முழுவதும். நான் பிறந்து வளர்ந்த கோயிலில் அப்படி எழுந்து போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்த வசனத்தை மதித்துப் பீடத்துக்குப் போகாமல் நின்றவள் அத்தை ஒருத்திதான். நிற்க வேண்டியவள் அவள் அல்ல.

“அன்னைக்கு உன் முழங்காலைத் தாண்டிப் போனேன் அத்தை” என்றேன்.

“தெரியும். உன் வெள்ளைப் பாவாடை என் கண்ணுல பட்டுது.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “உங்கம்மா தாண்டல. பின்னால சுத்திப் போனா.”

அம்மா இறந்துவிட்டாள். அவள் சுற்றிப் போனதற்கு என்ன அர்த்தம் என்று இனிக் கேட்க முடியாது. அது மரியாதையாக இருக்கலாம், கண்ணைத் தவிர்ப்பதாகவும் இருக்கலாம். நான் என்னுடையதை மட்டும் கேட்டேன். பத்து வயதில் தெரியாமல் செய்தது சரி, தெரிந்த பிறகு முப்பது வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு என்னை மன்னிப்பாயா என்று கேட்டேன்.

அவள் உடனே மன்னித்துவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். பெண்களிடம் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“பொறு பிள்ளே. யோசிச்சுச் சொல்லுதேன்.”

இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பார்க்கிறேன். பொறுத்திருக்கிறேன்.