பிணை நின்றவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பானில் ரைன் நதிக்கரையோரம் நண்பர் ஒருவரின் மகனோடு நடந்துகொண்டிருந்தேன். அவனுக்கு வயது இருபத்து நான்கு. விமானி உரிமம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் இரண்டு வேலைகள் இருந்தன. சரியாகச் சொன்னால் ஒன்றரை வேலைகள்.

முதலாவது, வட ஐரோப்பாவில் ஒரு சிறிய பிராந்திய விமான நிறுவனம். எழுபது பேர் அமரும் புரொப்பெல்லர் விமானங்கள், சிறிய ஊர்கள், ஒரு மணி நேரப் பயணங்கள். அந்த விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கும். பதிலுக்கு மூன்று வருடம் இருக்க வேண்டும். நடுவில் போனால் மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்பப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயிற்சி தொடங்க ஐந்து வாரம்தான் இருந்தது.

இரண்டாவது, பெரிய நிறுவனம். ஜெட் விமானம், நல்ல சம்பளம். தேர்வில் வெற்றி பெற்றுக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். அழைப்பு மூன்று மாதத்திலும் வரலாம், இரண்டு வருடத்திலும் வரலாம். விமானிகளின் உலகில் பெரும்பாலும் எல்லாம் சீனியாரிட்டிதான். எந்த ஊரில் இருப்பது, எப்போது விடுப்பு, எப்போது கேப்டன் இருக்கை என்பதெல்லாம் சேர்ந்த தேதியைப் பொறுத்தது. அதனால் கூடப் படித்தவர்கள் அவனுக்குச் சொன்ன வழி எளிமையானது. முதலில் கூப்பிட்டவனிடம் கையெழுத்துப் போடு, மற்றவன் கூப்பிட்டால் காசைக் கட்டிவிட்டுப் போ.

"மாமா, காசைக் கட்டிப்போட்டு வெளிக்கிட்டால் அதில என்ன பிழை? அவையளே அதுக்கு விலை போட்டு வைச்சிருக்கினம்" என்றான்.

அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். மகனின் பயிற்சிக்காக வீட்டை அடகு வைத்து ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் கடன் வாங்கியிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு தவணை. எனவே இது சும்மா பேசிப் பார்க்கும் கேள்வி அல்ல.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அந்தத் தொகை, வாக்கை மீறுவதற்கான விலையா, அல்லது வாக்குக்கு வைத்த காவலா? அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1897இல் ஆற்றிய ஓர் உரையில், சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தக் கடமை என்பது, மீறினால் நஷ்டஈடு கட்ட வேண்டிவரும் என்பதற்குமேல் ஒன்றுமில்லை என்ற பொருளில் பேசினார். அதன்படி பார்த்தால் பையன் சொல்வது சரி. நீதிமன்றங்களும் தொகையோடுதான் நிற்கின்றன. 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்றது. கட்டியவரைப் பிடித்துவைக்க எந்தச் சட்டமும் இல்லை.

நாங்கள் வாழும் நாட்டின் தத்துவவாதி வேறுவிதமாகச் சொன்னார். 1785இல் வெளிவந்த அறவியல் நூலில் இம்மானுவேல் கான்ட் ஓர் உதாரணம் தருகிறார். பண நெருக்கடியில் இருக்கும் ஒருவன், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருவேன் என்று சொல்லிக் கடன் கேட்கிறான். எல்லோரும் இப்படிச் செய்தால் வாக்கு என்ற ஒன்றே இருக்காது, எவரும் எவரையும் நம்பமாட்டார்கள் என்பது கான்ட்டின் வாதம். கவனித்தால், தவறு பணம் திரும்பாத நாளில் நடக்கவில்லை. வாய் திறந்து கேட்ட நிமிடத்திலேயே நடந்துவிட்டது.

இதைச் சொன்னபோது பையன் சிரித்தான். "அவையள் என்னை வேண்டாமெண்டால் ரெண்டு கிழமையில அனுப்பலாம். நான் மட்டும் மூண்டு வருசம் இருக்கவேணுமோ?"

நியாயமான கேள்வி. விமான நிறுவனங்கள் கொடுத்த வாக்குகள் எப்படிப் போயின என்பதற்கு இங்கேயே உதாரணம் உண்டு. ஏர் பெர்லின் 2017 ஆகஸ்டில் திவாலானது, அக்டோபர் 27 அன்று கடைசி விமானம் தரையிறங்கியது. தமிழ்நாட்டில் 2005இல் தொடங்கி எம்ப்ரேயர் ஜெட்களோடு மதுரைக்கும் கோவைக்கும் பறந்த பாரமவுண்ட் 2010இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு புதிய துணை விமானி கடனோடு தெருவில் நின்றிருப்பான்.

பேசிக்கொண்டே நகருக்குள் வந்து மின்ஸ்டர் சதுக்கத்தில் பீத்தோவன் சிலையருகே நின்றோம். இந்த ஊரின் புகழ்பெற்ற மகனும் ஒருவகையில் ஒப்பந்தக்காரன்தான் என்றேன். 1792 நவம்பரில், இருபத்தோரு வயதில், ஹைடனிடம் படிக்க வியன்னா போனார். அனுப்பியவர் பானில் இருந்து ஆண்ட பேராயர் மாக்ஸிமிலியான் ஃபிரான்ஸ். சம்பளம் தொடர்ந்தது, படித்துவிட்டுத் திரும்பி அரசவைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வருடம் கழித்து, முன்னேற்றம் போதாது, திரும்பி வரலாமே என்ற தோரணையில் பேராயர் ஹைடனுக்குப் பதில் எழுதினார். பீத்தோவன் திரும்பவே இல்லை.

"பாத்தீங்களோ!" என்றான் பையன்.

ஆனால் அவர் வாக்கை மீறினாரா என்பது தெளிவில்லை. 1794இல் பிரெஞ்சுப் படை பானுக்குள் வந்தது. பேராயர் ஓடிப்போனார், அரசவையே கலைந்தது. திரும்பி வர ஓர் இடம் இல்லாமல் போனது. நிறுவனம் விழுந்தால் வாக்கும் விழும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிறுவனம் ஒருநாள் விழக்கூடும் என்பதற்காக இன்று பொய்யாகக் கையெழுத்திடலாமா என்பது வேறு கேள்வி.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் கதையைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகப் படவில்லை.

2002இல் எனக்குச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முதல் வேலை கிடைத்தது. இரண்டு வருட பாண்டு, மீறினால் ஒரு லட்ச ரூபாய். முத்திரைத்தாளில் ஒரு ஜாமீன்தாரரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் நண்பர், பாளையங்கோட்டையில் தமிழாசிரியர், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். அப்போதே நான் ஜெர்மனியில் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பதினோராவது மாதம் ஆகெனில் இடம் கிடைத்தது, விமானம் ஏறிவிட்டேன். கேட்டால் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. விலை தெரியும், பிறகு கொடுக்கலாம்.

என்னை யாரும் கேட்கவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் சாரின் பள்ளிக்கூட முகவரிக்குப் போனது. தலைமையாசிரியர் அறையில் வைத்து அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் இரண்டு முறை சென்னைக்குப் போய் அவகாசம் கேட்டிருக்கிறார். பிறகு ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்துக் கட்டினார். எனக்குத் தெரியவந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. உணவு விடுதியில் தட்டுக் கழுவி, வட்டியோடு முழுவதும் அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஊருக்குப் போனால் காபி கொடுத்து, ஜெர்மனியில் குளிர் எப்படி என்று கேட்பார். அந்தத் தலைமையாசிரியர் அறையை நான் எந்தத் தவணையில் திருப்பித் தருவது?

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்திடுகிறார்கள். மீறலின் சுமை பெரும்பாலும் மூன்றாவது ஆளின்மேல் விழுகிறது. ஹோம்ஸின் கணக்கில் அந்த ஆள் இல்லை.

பையனின் விஷயத்தில் அந்த மூன்றாவது ஆள் யார்? அவன் இருக்கையில் உட்கார்ந்திருக்கக்கூடிய இன்னொரு கடன்காரப் பிள்ளை. திடீரென்று அவன் போனால் விடுமுறை நாளில் அழைக்கப்படும் சக விமானி. அப்புறம் பயணி. 2023இல் இந்தியாவில் ஆகாசா நிறுவனத்தின் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடிக்காமல் விலகியதாக வழக்கு வந்தது. விமானங்கள் ரத்தாயின. அங்கே விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் நோட்டீஸ். இவ்வளவு நீண்ட காலம் தொழிலாளியைக் கட்டிப்போடுவதுதான் என்று விமானிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு துணை விமானி வராவிட்டால் அந்த விமானம் கிளம்பாது. சென்னையிலிருந்து பலாலிக்கு 2019 நவம்பரில் பறக்கத் தொடங்கியதும் இப்படிப்பட்ட சிறிய ஏடிஆர் விமானம்தான். அவனுடைய அப்பா தன் தாயின் முப்பத்தொன்றாம் நாளுக்கு ஒரு முறை அதில்தான் போய் இறங்கினார். அந்த விமானம் அன்று கிளம்பாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை.

மூன்று வருடம் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கை மாறும். மாறினால் பணத்தைக் கட்டி, நோட்டீஸ் காலத்தைக் கடைசி நாள்வரை பறந்து முடித்துவிட்டுப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போகத்தான் போகிறேன் என்று இன்றே தெரிந்திருந்தால், இன்றே சொல்ல வேண்டும். பெரிய நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறேன், அழைத்தால் போகக்கூடும் என்று ஒரு மின்னஞ்சல். அதன் பிறகும் அவர்கள் எடுத்தால் அது இருவரும் கண் திறந்து செய்த ஏற்பாடு.

அவன் எழுதினான். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். நேர்மைக்கு நன்றி, இந்தப் பயிற்சி வகுப்பில் அவனுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறோம், இலையுதிர்கால வகுப்பில் இடம் இருந்தால் தொடர்புகொள்கிறோம்.

பெரிய நிறுவனம் இன்னும் அழைக்கவில்லை. பையன் இப்போது விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இரவு வேலைக்குப் போகிறான். "பரவாயில்லை மாமா" என்று செய்தி அனுப்பினான். அவனுடைய அப்பா இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. தவணை கட்டுவது அவர்தான். நான் கொடுத்த அறிவுரைக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சொன்னது சரிதான் என்று இன்னும் நினைக்கிறேன். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத் தவணையில் பாதியை நான் தருகிறேன் என்றும் சொல்ல வேண்டும். வாங்கமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும்.