மேலே நல்லாத்தானே வருது

வட்ட ஊசியில் தொப்பி பின்னும்போது விழுகிற தப்புகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அற்பப் பாவம், சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பழக்கம் தையல் டீச்சராகி ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

கண்ணி ஒன்று நழுவி ஏணிப்படியாகக் கீழே இறங்கினால் அற்பப் பாவம். குரோஷா ஊசியைக் கீழேயிருந்து விட்டு, படிப்படியாக மேலே ஏற்றினால் ஆயிற்று. சுற்று தொடங்கும் இடத்தில் அடையாள வளையம் போடாமல் எண்ணிக்கை தப்புவதும் அப்படித்தான். சேர்த்த இடத்தில் நூல் தளர்ந்து ஓட்டை விழுந்தால், வால் நூலைக் கோத்து இழுத்து மூடிவிடலாம். சாவான பாவம் ஒன்றே ஒன்று. கண்ணிகளை ஏற்றி இரண்டு முனையையும் சேர்க்கும்போது, அந்த வரிசை ஊசியைச் சுற்றி ஒரு திருகு திருகியிருப்பது. முதல் சுற்று முடிகிறவரை தப்பிக்க வழி உண்டு. இரு முனைக்கும் நடுவே வெறும் நூல்தான் இருக்கும், அங்கே புரட்டிவிட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால், மேலே எத்தனை நேர்த்தியாகப் பின்னினாலும் திருகு நிமிராது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. வேடசந்தூரைச் சுற்றியுள்ள ஸ்பின்னிங் மில்களில் ஒன்றில் அவள் சைடர், அறுந்த நூலை ஒட்டிவிடும் வேலை. மகன் கொடைக்கானலில் ஓட்டல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். இல்லாவிட்டால் இந்த ஊர் வெயிலில் உல்லன் நூலை யார் தொடுவார்கள்? நாலு விரல் உயரம் வளர்ந்த பிறகுதான் திருகு கண்ணில் பட்டது.

“அப்படியே பின்னிட்டுப் போயிரவா டீச்சர்? மேல நல்லாத்தானே வருது.”

இந்தக் கேள்விக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. மனிதன் தன் முயற்சியாலேயே நேராகிவிட முடியும் என்று ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் சொன்னார். முடியாது, அருள் வேண்டும் என்று அகுஸ்தினார் விடாமல் மல்லுக்கு நின்றார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸ் பக்கத்தைத் தள்ளியது. சைவ சித்தாந்தம் படித்தவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள். கன்மம் நாம் செய்து சேர்ப்பது, ஆணவம் அப்படியல்ல, அது உயிரோடு அநாதியாகவே இருப்பது. நல்வினையை அடுக்கி மட்டும் அதைக் கழற்ற முடியாது. நான் அகுஸ்தினார் கட்சி. அடியில் இருக்கிற திருகை மேல் வரிசை திருத்தி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு மில் நியாயம். “நூல் அறுந்தா முனையைப் புடிச்சு ஒட்டிவிட்டுட்டு அடுத்த கதிருக்குப் போயிருவோம். ஆட்டோகோனர்ல தடிச்ச இடத்தை மிஷினே வெட்டி ஒட்டிரும். யாரு முதல்ல இருந்து நூக்கிறா?”

நியாயம்தான். அப்படி ஒட்டிய நூல்தான் கோன் கோனாகத் திருப்பூருக்குப் போய்ப் பனியன் ஆகிறது. பனியனும் வட்டப் பின்னல்தான். உருளையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஊசிகள் நிற்கும், உருளை சுற்றச் சுற்றத் துணி குழாயாகக் கீழே இறங்கும். உடம்பளவுக்கு ஓட்டிய துணி என்றால் பக்கத்தில் தையலே இருக்காது. அந்த இயந்திரத்திலும் ஊசி உடையும், ஓட்டை விழும், கோடு விழும். முதல் சுற்றில் திருகு மட்டும் விழாது, ஊசிகள் புரள முடியாத வளையத்தில் நிற்பதால். கையில் பின்னுகிறவளுக்கோ கண்ணிகள் ஊசிமேல் எந்தப் பக்கமும் புரளும். புரள இடம் கொடுத்துவிட்டு, புரண்டதற்குக் கணக்குக் கேட்பது என்ன நியாயம் என்று கேட்டால், சுயாதீனம் பற்றி மறைக்கல்வியில் படித்த பதில் என்னிடம் இருக்கிறது; முழுத் திருப்தி எனக்கே இல்லை.

இயேசுவின் அங்கியும் தையலில்லாதது. அதனால்தான் போர்ச்சேவகர்கள் அதைக் கிழிக்காமல் சீட்டுப் போட்டார்கள் என்கிறார் யோவான், 19ஆம் அதிகாரத்தில். அவர் சொல்வது நெய்த அங்கி. 1400ஐ ஒட்டி ஜெர்மனியில் வரையப்பட்ட ஒரு பீட ஓவியத்திலோ, மாதா உட்கார்ந்து ஊசிகளை வளையமாக வைத்துச் சட்டையின் கழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். மைஸ்டர் பெர்ட்ராம் பட்டறையின் ஓவியம், இப்போது ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னல் தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்டுதான் வரைந்திருக்க வேண்டும்.

கடைசியில் உருவினோம். நூல் ஒரு முழம்கூட வீணாகவில்லை. ஆனால் பழைய கண்ணியின் வளைவு ஒவ்வொரு அங்குலத்திலும் சுருள் சுருளாக நின்றது. இதைத்தான் வாசனை என்பார்கள், வினை போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் தடம். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் சாமியார் அபராதம் கொடுப்பது இதற்காகத்தான் என்று சொன்னேன். சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, லேசான கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும், ஆனால் நேரம் பிடிக்கும் என்றும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “உங்களுக்கு ஒரே ஜென்மம், அவசரம். எங்களுக்கு நிறையக் கெடக்கு டீச்சர், மெதுவா நேராகிக்கலாம்.”

“எங்களுக்கும் அவசரம் இல்லைம்மா, அதுக்குத்தான் உத்தரிக்கிற ஸ்தலம் வச்சிருக்கு” என்றேன்.

“அங்கயும் ஷிப்டு உண்டா?” என்றாள்.