கடற்கரை விடுதியும் கரையேறாத ஆவியும்

இறந்தவரின் உயிர் இறந்த இடத்திலேயே தங்கி நிற்குமா என்ற கேள்வி மிகப் பழையது. கடற்கரை உல்லாச விடுதிகளைப் பற்றிய பேய்க்கதைகள் அதை அவ்வப்போது புதுப்பிக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தாய்லாந்தின் காவோ லாக், புக்கெட் கரைகளில் இறந்துபோன வெளிநாட்டு விருந்தினரைக் கண்டதாகப் பலர் சொன்னார்கள். வண்டியில் ஏறிய பயணிகள் வழியில் மறைந்துவிட்டதாக ஓட்டுநர்கள் கூறினார்கள். ஆவிக்கு அஞ்சி ஆசிய நாட்டுப் பயணிகள் சிலகாலம் அப்பக்கம் போகவே தயங்கினர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய கதைக்குத் தோதான இடம், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தனர். பின்னாளில் அது சிறையாயிற்று. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் கைதானோர் அங்கும் அடைக்கப்பட்டனர். இன்று அது கடற்படை நடத்தும் விடுதி. ஊரவர் வாயில் அது பூதத்தம்பி கோட்டை. ஒல்லாந்தர் காலத்தில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பூதத்தம்பியின் கதை கூத்தாகவும் ஆடப்பட்டது. அநியாயச் சாவு, சிறை, நாற்புறமும் கடல் என்று பேய்க்கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் சரக்கு இருப்பது சான்றாகிவிடாது.

குடாநாட்டுச் சைவர்களின் தத்துவமான சைவ சித்தாந்தம் இக்கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் உயிரின் போக்குவரவை ஆராய்கிறது. பருவுடல் விழுந்ததும் உயிர் நுண்ணுடலோடு புறப்பட்டு, வினைக்கேற்பத் துறக்கமோ நிரயமோ மறுபிறப்போ எய்துகிறது. பாம்பு தோலை உரிப்பது இதற்கு ஓர் உவமை. அதைவிடக் கூர்மையானது கனவு உவமை: கனவு காண்பவன் நனவை மறப்பதுபோல, உடல் மாறும் உயிர் முன்னதை மறந்துவிடுகிறது. பேய்க்கதையின் அடித்தளம் இங்கேதான் ஆட்டங்காண்கிறது. தான் தங்கிய அறையையும் தன்னைக் கொன்றவனையும் மறவாத ஆவி இல்லாமல் எந்தப் பேய்க்கதையும் இல்லை; சித்தாந்தமோ அந்த நினைவையே ஆவியிடமிருந்து பறித்துவிடுகிறது.

அதற்காகச் சைவம் பேயே இல்லை என்று சொல்வதில்லை. மணிவாசகரின் சிவபுராணம் உயிர் எடுக்கும் பிறப்புகளைச் சொல்லுமிடத்தில் பேயையும் சேர்த்துக்கொள்கிறது. காரைக்கால் அம்மையார் பேய்வடிவை வேண்டிப் பெற்றவர். ஆக, பேய் என்பது புழு, மனிதர், தேவர் போல ஒரு பிறப்பு. செத்த ஆளின் மிச்சம் அல்ல.

நூல் இப்படிச் சொன்னாலும் வீட்டு வழக்கம் இன்னொன்றைச் சொல்கிறது. கிரியை மரபில் இறந்தவர் உடனே பிதிரர் ஆவதில்லை. இடையில் பிரேத நிலை உண்டு. அதைக் கடத்திவிடவே எட்டுச்செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆட்டைத் திவசமும். எட்டுச்செலவன்று இறந்தவருக்குப் பிடித்த கறி, பலகாரம், சுருட்டுப் பிரியராக இருந்தால் சுருட்டு என்று எல்லாம் வாழையிலையில் படைக்கப்படும். அந்தியேட்டிக்குப் பலரும் நாடுவது கீரிமலை. கடலை ஒட்டிய கேணியில் சுண்ணக்கல்லினூடே நன்னீர் ஊறுகிறது. ஒரு மதிலுக்கு அப்பால் உப்புக்கடல். ஆடி அமாவாசையில் தகப்பனுக்கும், சித்திரா பௌர்ணமியில் தாய்க்கும் விரதம். ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் இருந்தாக வேண்டும். காகத்துக்கு வைத்த பிறகே வீட்டார் உண்பர். 1990 இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வுக்குப் பின் பல்லாண்டுகள் கீரிமலைக்குச் சுதந்திரமாகப் போக முடியவில்லை. இன்று அதற்குச் சில கிலோமீற்றர் தள்ளிக் காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி இருக்கிறது.

போக மறுக்கும் ஆவியையும் ஊர் கைவிடவில்லை. கோயில் கட்டிக் கொடுத்தது. பனைமரத்திலும் சந்தியிலும் அஞ்சப்பட்ட முனி, யாழ்ப்பாணக் கோட்டை அருகே முனியப்பராகப் பூசை பெறுகிறது. உயிர்ப்பலியோடு கூடிய இத்தகைய சிறுதெய்வ வழிபாட்டை ஆறுமுக நாவலர் (1822–1879) கடுமையாகச் சாடினார். சாத்திரப்படி அவர் பக்கமே நியாயம். ஆயினும் அச்சத்தை விரட்டாமல் அதற்கு ஒரு விளக்கும் ஒரு நாளும் ஒதுக்கிய ஊராரின் கெட்டித்தனத்தை நாவலர் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார் எனலாம்.

கத்தோலிக்கர் நவம்பர் 2 இல் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக மன்றாடுகின்றனர். பௌத்தர் பிரேதங்களுக்குப் புண்ணியம் கொடுக்கின்றனர். கோட்பாடுகள் ஒவ்வாதவை, ஆனால் மூன்றிலும் இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் செய்யவேண்டிய கடமை ஒன்று எஞ்சி நிற்கிறது. பேய் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தக் கடமை தவறிய இடத்திலேயே கிளம்புகிறது. வடமராட்சி கிழக்கில் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களை ஒன்றாகப் புதைக்க நேர்ந்தது. உடுத்துறை நினைவாலயத்தில் ஆண்டுதோறும் உறவினர் கூடிச் சுடர் ஏற்றுகின்றனர். யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணிப் புதைகுழியில் 1999 அகழ்வில் 15 உடல்கள் வெளிவந்தன. 2025 இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். செம்மணியில் கிடந்தவர்களுள் பெரும்பாலோருக்குத் திதி தெரியாது.

உடலே கிடைக்காதவருக்கும் தர்மசாத்திரத்தில் வழி உண்டு. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கிரியை முடிக்கலாம். அரசும் தன் பங்குக்கு, காணாமற்போனவர் என்று சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டத்தைத் திருத்தியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது காணாமலாக்கப்பட்டோருக்குச் சாத்திரம் சொன்ன பன்னிரண்டு ஆண்டும் 2021 இல் கடந்துவிட்டது. அவர்களைத் தேடி 2017 இல் வடக்கில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் பலர் அந்தக் கிரியைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.