அற்புதமும் அளவையும்

அற்புதம் நிகழ்தல் கூடுமோ என்னும் ஐயம் இக்காலத்தார்க்கே உரியதன்று. ஸ்காட்லாந்து நாட்டு மெய்ந்நூலறிஞராகிய ஹியூம் என்பார், இயற்கையொழுங்கிற்கு மாறாயதைப் பிறர் கூறுஞ் சான்றுகொண்டு துணிதல் அறிவுடைமையாகாதென, 1748-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதித்தனர். சைவசித்தாந்தம் அதற்கு யாது கூறுமென்பது ஈண்டு ஆராயற்பாலது.

நிகழ்தல் கூடுமோ என்பது ஒரு வினா. நிகழ்ந்ததோ என்பது மற்றொரு வினா. முன்னையது கருதலளவையாற் காணப்படும். பின்னையது உரைப்பார் தகுதி நோக்கித் துணியப்படும். இரண்டனையும் ஒன்றெனக்கொண்டு மயங்குவார், கேட்டன யாவும் நம்புவர். அன்றி, யாவுந் தள்ளுவர்.

முதல், துணை, நிமித்தம் எனக் காரணம் மூன்றென்பது சித்தாந்தத் துணிபு. பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இரயிற்பெட்டித் தொழிற்சாலையை நோக்குக. ஆண்டு உருக்கு முதற்காரணம், பொறிகள் துணைக்காரணம், தொழிலாளர் நிமித்தகாரணம். உருக்குத் தானே பெட்டியாகாது. பெட்டியானமை கண்டு உருக்கின் இயல்பு அழிந்ததென்பாருமிலர். அவ்வாறே, மாயையாகிய முதற்காரணத்தினின்று தன் சத்தியைத் துணையாகக்கொண்டு உலகைத் தோற்றுவிக்கும் இறைவன், உயிர்களின் பொருட்டு அரியதொன்றை நிகழ்த்தின், அஃது இல்லது தோன்றலுமன்று, இயற்கை அழிதலுமன்று. நியதி தானும் மாயையின் காரியமாய சடதத்துவமாகலின், முதல்வனைக் கட்டமாட்டாது.

கூடுமெனவே, நிகழ்ந்ததென்பதும் பெறப்படுமோவெனின், படாது. ஈண்டு ஹியூம் கூறிய எச்சரிக்கை கொள்ளத்தக்கதே. கூறுவோர் வாய்மையுடையரோ, பொருளும் புகழும் வேட்டனரோ என்று ஆராயாது, கைவித்தை காட்டுவாரையெல்லாம் அருளாளரெனல் சைவத்திற்கு இழுக்காம்.

இனி, அற்புதத்தால் அன்பு பிறக்குமோ? பெரம்பூர்க்கு வடகிழக்கேயுள்ள திருவொற்றியூரில் வாழ்ந்த கலியநாயனார் வரலாறு இதற்கு விடையாம். எண்ணெய் வாணிகர் குலத்தினராகிய அவர், செல்வமெலாந் தொலைந்தபின் கூலிக்குழைத்துத் திருவிளக்கேற்றினர். கூலியும் அற்றபோது, எண்ணெய்க்கு ஈடாகத் தங்குருதியையே நிறைக்கக் கழுத்தை அரிந்தனர். இறைவன் அவர் கையைப் பற்றித் தடுத்தருளினன். தடுப்பனென்று எண்ணி அரிந்தாரேல், அது தொண்டன்று, வாணிகமேயாம். அவரோ அங்ஙனம் எண்ணிற்றிலர். ஆகலின், அன்பு முன்னையது, அற்புதம் பின்னையது. அத்திருக்கை தோன்றாதொழியினும் அவர் தொண்டு குறைவுபட்டதாகாது.

காட்சியினும் ஐயமுந் திரிபும் உள. ஆகவே, அற்புதங்கண்டே இறைவனைத் துணிவேனென்பான், கண்டபின்னும் ஐயுறுவன். அன்பினால் துணிந்தானுக்கோ, அற்புதம் வரினும் வாராதொழியினும் ஒக்கும். கூடுமென்பதை மறாமலும், நிகழ்ந்ததென்பதை ஆராயாது கொள்ளாமலும், அன்பிற்கு அதனை அடியாக்காமலும் நிற்றலே மெய்ந்நூல்நெறியென்க.

திருச்சிற்றம்பலம்.